மலாவி அடிபம்புக்கு வாஷர் வாங்கிய கதை

கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே லானார்க்ஷரில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளிக்கும் தெற்கு மலாவியில் ஒரு தொடக்கப் பள்ளிக்கும் பல வருடமாகக் கூட்டு. அதற்கு நிதி திரட்டும் மாணவர் குழு மதிய இடைவேளையில் கூடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை ஓய்வு பெற்றதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 2023–24 கல்வியாண்டில் என்ன செய்தோம், எதில் காசு தேறியது, எதில் தேறவில்லை என்று எழுதி வைக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள், பள்ளிகளில் வேலை செய்பவர்கள் யாருக்காவது உதவும்.

ஸ்காட்லாந்தில் மலாவிக் கூட்டு என்பது அதிசயமான சங்கதி இல்லை. டேவிட் லிவிங்ஸ்டன் 1859இல் மலாவி ஏரிக்குப் போன காலத்திலிருந்து தொடரும் உறவு. மலாவியின் பெரிய வணிக நகரத்துக்கு வைத்திருப்பதே அவர் பிறந்த ஊரான பிளான்டயரின் பெயர்தான். அந்தப் பிறந்த ஊர் எங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். 2005 நவம்பரில் ஸ்காட்லாந்தின் அப்போதைய முதன்மை அமைச்சர் ஜாக் மெக்கானலும் மலாவி அதிபர் பிங்கு வா முத்தரிக்காவும் ஒப்பந்தம் போட்ட பிறகு, பள்ளிக்குப் பள்ளி கூட்டு வைத்துக்கொள்வது இன்னும் பரவியது. பிள்ளைகளுக்கு மலாவி என்றால் எங்கோ இருக்கும் நாடு அல்ல. ஆனால் அங்கே என்ன தேவை என்பதை அவர்களே முடிவு செய்துவிடும் பழக்கம் மட்டும் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் முதல் கூட்டம். குழுவின் ஆசை ஒரு புது ஆழ்துளைக் கிணறு. பக்கத்தில் எங்கள் பள்ளியின் பெயர் பொறித்த பலகை. பலகையின் டிசைன்கூட ஒரு மாணவி வரைந்து வைத்திருந்தாள். சரி, முதலில் அங்கே கேட்போம் என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினோம். அங்கே மின்வெட்டு சகஜம், பதில் வர நாளாகும். வந்தது ஒரு போட்டோ. கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவும் தாய்மார் குழுவும் கையெழுத்துப் போட்ட பட்டியல்.

புதுக் கிணறு வேண்டாம், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, பம்புதான் படுத்துவிட்டது என்று தொடங்கியது அது. பம்புக்கு யு-சீல் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வாஷர்), பாபின் (வால்வில் ஏறி இறங்கும் அடைப்பான்), கைப்பிடிக்கு புஷ் பேரிங், இரண்டு ராடு, கொஞ்சம் பிளாஸ்டிக் பைப். வட்டார மெக்கானிக் கூலி. பம்பைச் சுற்றியுள்ள சிமென்ட் மேடையும் வடிகாலும் உடைந்து சேறாகிவிட்டதால் அதைச் சரிசெய்ய சிமென்ட். ஆடுகள் உள்ளே வராமல் வேலி. கடைசியாக, பூட்டு போட்ட பெட்டியில் வைக்க இன்னொரு செட் உதிரிபாகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மலாவிப் பணமான குவாச்சாவில் விலை.

பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. ஒரு வாஷருக்காக யார் காசு போடுவார்கள் என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த வருடம் முழுவதும் நாங்கள் செய்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

அது ஆஃப்ரிடெவ் வகை பம்பு. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் எங்கும் இருப்பது. நம் ஊர்த் தெருமுனைகளில் நின்ற இந்தியா மார்க் 2 அடிபம்பின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். நம்முடையது கெட்டி, ஆனால் உள்ளே வாஷர் போனால் இரும்பு பைப்பையெல்லாம் மேலே இழுக்க வேண்டும், அதற்குத் தனிக் கருவிகளும் நாலைந்து ஆட்களும் வேண்டும். 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் உலக வங்கி அடிபம்புகளை வைத்து நடத்திய சோதனையின் பலனாகத்தான் பைப்பை அசைக்காமலேயே உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் வெளியே எடுக்கக்கூடிய மார்க் 3 வந்தது. ஆஃப்ரிடெவ்வும் அதே யோசனையில் பிறந்தது. ராடுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டும், ஒரே ஸ்பேனரில் வேலை முடியும், கிராமத்து ஆட்களே பழுதுபார்க்கலாம். பாகம் கையில் இருந்தால் போதும். இல்லாவிட்டால் உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வளையம் ஒன்றுக்காக ஒரு ஊரே ஓடைத் தண்ணீருக்குப் போகும்.

இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. ஆகவே ஒரு மாதிரி செய்தோம். வருடத்திலேயே உருப்படியான வேலை அதுதான், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு மீட்டர் நீளத்தில், கண்ணாடி மாதிரி தெரியும் அக்ரிலிக் குழாய் இரண்டு. இரண்டும் ஒரே வாளித் தண்ணீரில் நிற்கும். குழாயின் அடியில் ஓட்டை போட்ட நைலான் வட்டு ஒன்றை இறுக்கி, ஓட்டையின் விளிம்பில் ரப்பர் வளையம் பதித்து, அதன் மேல் ஒரு கோலிக்குண்டு. இது அடி வால்வு (ஃபுட் வால்வு), தண்ணீரை மேலே மட்டும் விடும். கோலி தண்ணீரோடு எழும்பி எங்கோ போய்விடாமல் மேலே ஒரு கம்பிக் கூண்டு. பிஸ்டனும் இதே மாதிரிதான்: ஓட்டை போட்ட வட்டு, அதன் மேல் கோலி, கூண்டு, நடுவே மேல்நோக்கிப் போகும் அலுமினிய ராடு. வட்டைச் சுற்றி பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர். ஒரு குழாயின் பிஸ்டனில் ரப்பர் சுவரோடு ஒட்டி உரசும்படி வைத்தோம். மற்றதில் ஒரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டினோம். தேய்ந்துபோன வாஷர் அது.

தொழில்நுட்பப் பாட ஆசிரியர் கடைசல் இயந்திரத்தைக் கொடுத்தார், வட்டுகளைப் பிள்ளைகளே கடைந்தார்கள். கோலி சரியாக உட்காராமல் ஒழுகியதுதான் தலைவலி. ஓட்டையின் விளிம்பை மணல் தாளால் சரிவாகத் தேய்த்து, கோலியில் துளி சமையல் எண்ணெய் தடவியதும் நின்றது. தண்ணீரில் நீல நிறம் கலந்தோம், தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று. ஹாலில் வைத்த முதல் நாளே மரத்தரையில் நீலமாகக் கொட்டியது. பள்ளி ஜேனிட்டர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதன் பிறகு கீழே நீச்சல்குளத்து ரப்பர் பாய்.

20 பென்ஸ் போட்டால் இரண்டு பம்பையும் அடித்துப் பார்க்கலாம், எத்தனை அடியில் ஜாடி நிறைகிறது என்று எண்ணலாம். நல்ல வாஷர் போட்டதில் தண்ணீர் சும்மா வந்தது. தேய்ந்ததில் ஒரு விசேஷம். வேகமாக அடித்தால் அதிலும் வரும். மெதுவாக அடித்தால் வரவே வராது, ஏனென்றால் பிஸ்டன் தூக்குவதற்குள் தண்ணீர் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடுகிறது. ரக்பி விளையாடும் பையன்கள் மூச்சுப் பிடித்து அடித்து ஜாடியை நிறைத்துவிட்டு, இதிலென்ன பழுது என்றார்கள். எங்கள் பள்ளியில் சின்ன வகுப்பான முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, வயதுக்குக் குட்டையானவள், தொங்கித் தொங்கி இழுத்தாள். ஒரு சொட்டு இல்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மலாவியில் தண்ணீர் எடுப்பது பெரும்பாலும் பெண்களும் சின்னப் பெண்பிள்ளைகளும். அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போஸ்டர் விஷயத்தில் குழுவுக்குள் சண்டை. முதல் போஸ்டரில் இணையத்திலிருந்து எடுத்த படம்: கிழிந்த சட்டை, கண்ணில் ஈ, அழுக்குத் தண்ணீர். அந்தக் குழந்தை யார், எந்த நாடு என்றுகூட யாருக்கும் தெரியாது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நம் பள்ளியில் இலவச மதிய உணவு வாங்கும் பிள்ளைகளின் படத்தை அவர்கள் போஸ்டரில் போட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். படம் போயிற்று. பதிலாக யு-சீலை அசல் அளவுக்கு வரைந்து, பக்கத்தில் விலையை எழுதினார்கள். பாகத்துக்கு ஒரு போஸ்டர். எது வாங்கக் காசு சேர்ந்ததோ அந்தப் போஸ்டரின் மேல் பச்சை ஸ்டிக்கர். புஷ் பேரிங்குக்குப் பச்சை விழுந்ததா என்று வராந்தாவில் பிள்ளைகள் பேசிக்கொண்டு போனதைக் கேட்டிருக்கிறேன்.

பணம் வந்த வழிகளுக்கு வருகிறேன்.

செப்டம்பர் கடைசியில் நடைப்பயணம். பிளான்டயரில் லிவிங்ஸ்டன் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் தொடங்கி கிளைடு ஆற்றங்கரையோடு நடந்தோம். நடக்கிற பிள்ளைக்கு வீட்டார், அக்கம்பக்கத்தார் ஸ்பான்சர் செய்வார்கள். இங்கே கவனிக்க வேண்டியது கிஃப்ட் எய்ட். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு 1 பவுண்டு கொடுத்தால், அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் அறக்கட்டளைக்கு வரும். படிவத்தில் கொடுப்பவரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு, ஒரு டிக் எல்லாம் இருந்தால்தான் செல்லும். “பாட்டி, 5 பவுண்டு” என்று எழுதிக்கொண்டு வந்தால் அந்த 1.25 போச்சு. முதல் நாள் வந்த படிவங்களில் பாட்டிகளும் மாமாக்களும்தான் நிறைய இருந்தார்கள். குழுவில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பி நிரப்பி வாங்கினார்கள். வருடத்தில் செய்த வேலைகளில் மணிக்குக் கூலி போட்டால் அதிகம் சம்பாதித்தது அந்த இரண்டு பேர்தான். நன்கொடைக்குத்தான் இது. கேக் விற்ற காசுக்கும் டிக்கெட் காசுக்கும் கிஃப்ட் எய்ட் கிடையாது.

அப்புறம் கலர் டிரஸ் நாள். சீருடை இல்லாமல் வந்து ஆளுக்கு 1 பவுண்டு போடுவது இங்கே எல்லாப் பள்ளியிலும் வழக்கம். சுலபமான காசுதான், ஆனால் எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு ஒரு காலையில் 3 பவுண்டு என்பது சின்ன விஷயம் இல்லை. காசு இல்லாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். ஸ்காட்லாந்தில் பள்ளி நாளின் செலவு என்ற பெயரில் குழந்தை வறுமைக்கெதிரான அமைப்பு ஒன்று பல வருடமாக இதைப் பேசி வருகிறது. நிறையப் பள்ளிகள் கேட்கவும் தொடங்கிவிட்டன. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: வகுப்பாசிரியர் கையில் வசூல் கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது. வாசலில் வாய் குறுகிய மூடி போட்ட வாளி, அதில் போடுகிறவர்கள் போடட்டும். கலர் டிரஸ் எல்லாருக்கும். வசூல் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்தது. குறையட்டும்.

வாளியைக் கவிழ்த்தால் வருவது சில்லறை மலை. இங்கே என் பாடம் கைகொடுத்தது. பிரிட்டன் நாணயங்களின் எடை துல்லியமானது. 20 பென்ஸ் 5 கிராம், 1 பவுண்டு 8.75 கிராம், 10 பென்ஸ் 6.5 கிராம். வங்கிப் பையில் 20 பென்ஸ் என்றால் 10 பவுண்டுக்கு, அதாவது 50 நாணயம், 250 கிராம். 1 பவுண்டு நாணயப் பையில் 20 பவுண்டு, 175 கிராம். ஆய்வகத் தராசில் வைத்தால் ஒரு நாணயம் குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும். வகைபிரிப்பது ஒரு ஜோடி, நிறுப்பது இன்னொரு ஜோடி, சீட்டில் இருவரும் கையெழுத்து, பிறகு நேரே அலுவலகப் பெட்டகம். ஆசிரியர் தனியாக எண்ணுவது கிடையாது, நான் உட்பட. எடை இடித்த ஒரு பையில், 2017இல் செல்லாமல் போன பழைய வட்டப் பவுண்டு ஒன்று இருந்தது. புதியதைவிட அது முக்கால் கிராம் கனம்.

நவம்பரில் டேப்லெட். மாத்திரையோ கையடக்கக் கணினியோ இல்லை, ஸ்காட்லாந்துக்காரர்களின் உயிர் மிட்டாய். ஒரு தட்டுக்கு 1 கிலோ சர்க்கரை, 250 மில்லி பால், 125 கிராம் வெண்ணெய், 397 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின். சர்க்கரை முழுக்கக் கரையும்வரை தீ சிறியதாகவே இருக்க வேண்டும், கரண்டியின் பின்பக்கத்தை வாணலி ஓரத்தில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. அப்புறம் தீயைக் கூட்டி, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே 116–118 டிகிரி வரை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மெதுவான உருண்டையாகத் திரளும். நம் மைசூர்பாகு மாதிரி, எல்லாம் பதத்தில்தான் இருக்கிறது. இறக்கிய பிறகு மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க மினுமினுப்பு போய், கரண்டி கனத்து, வாணலிச் சுவரில் மணல் மணலாக ஒட்டத் தொடங்கும். அந்த நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும். முன்னால் கொட்டினால் பிசுபிசுப்பு, கொஞ்சம் தாமதித்தால் வாணலியிலேயே பாறை. அரைவாசி இறுகும்போது கத்தியால் கோடு போட்டு வைத்தால் பிறகு அழகாக உடையும். கொதிக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் அடுப்புப் பக்கம் பெரிய வகுப்புப் பிள்ளைகள் மட்டும், நீளக்கை உடையோடு.

விற்பது பிரச்சினையே இல்லை. மணி அடித்துக் கதவு திறந்ததும் தீர்ந்துவிடும். பொட்டலத்தில் பால் இருக்கிறது என்று ஒரு லேபிள் ஒட்டினோம். தலைவலி கொடுத்தது என் வீட்டுச் சமையல்தான். பெற்றோர் மாலைக்கு எலுமிச்சை சாதமும் சுண்டலும் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பிரிட்டனில் உணவில் சொல்லியே ஆக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, எள் சரி. அந்தப் பட்டியலில் கடுகும் உண்டு! தாளிக்காமல் என்ன சுண்டல்? அதைவிடப் பெரிய சங்கதி பெருங்காயத்தூள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்த்தது. எங்கள் வீட்டில் இத்தனை வருடம் அந்த எழுத்தை யாரும் படித்ததில்லை. கடைசியில் பெருங்காயம் இல்லாமல் செய்து, “கடுகு உண்டு, வேர்க்கடலை உண்டு” என்று பெரிதாக எழுதி வைத்தோம். என் மனைவி இன்னும் அந்தச் சுண்டலைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை.

செயின்ட் ஆண்ட்ரூ நாளான நவம்பர் 30ஐ ஒட்டி கெய்லி. ஃபிடிலும் அக்கார்டியனும் வாசிக்க, ஊரே கைகோத்து ஆடும் நடன மாலை. வருடத்தின் பெரிய வசூல் இதில்தான். பெரிய செலவும் இதில்தான்: இசைக்குழுவுக்குச் சம்பளம், ஜேனிட்டருக்கு ஓவர்டைம். ராஃபிள், அதாவது டிக்கெட் விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுக்கும் விஷயத்தில் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்திலேயே விற்றால் உரிமமோ பதிவோ வேண்டாம், பிள்ளைகளும் வாங்கலாம். வசூலிலிருந்து பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும், நடத்தும் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே அக்கம்பக்கத்தில் டிக்கெட் விற்றுவிடலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் வேறு வகையில் போய்விடும், பதிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று விட்டோம்.

இதற்கு நடுவே குவாச்சா விழுந்தது. 2023 நவம்பர் 9 அன்று மலாவி ரிசர்வ் வங்கி, டாலருக்குச் சுமார் 1,180 குவாச்சா என்றிருந்ததை 1,700 ஆக்கியது. குழுவில் கணக்குப் பார்க்கும் மாணவன் துள்ளிக்கொண்டு வந்தான்: சார், நம் பவுண்டுக்கு இப்போது முன்பைவிட நிறையக் குவாச்சா கிடைக்கும், லாபம்தானே? இரண்டு வாரம் பொறு என்றேன். புதிய விலைப்பட்டியல் வந்தபோது சிமென்ட், வேலிக் கம்பி, லாரி வாடகை எல்லாமே ஏறியிருந்தன. ஆசிரியர் சம்பளம் மட்டும் ஏறவில்லை என்று தலைமையாசிரியர் ஒரு சிரிக்கும் முகத்தோடு எழுதியிருந்தார். பொருளாதாரப் பாட ஆசிரியை அந்த இரண்டு பட்டியலையும் நகல் எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனார்.

நல்லவேளையாக முதல் தவணையை அக்டோபரிலேயே அனுப்பியிருந்தோம். நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை விடாது, மண் பாதையில் வண்டி போகாது. அதனால் பாகங்களும் மெக்கானிக் கூலியும் முதலில், சிமென்டும் வேலியும் மழை விட்ட பிறகு என்பது அவர்கள் போட்ட வரிசை. வங்கி மாற்றத்தில் நடுவில் நிற்கும் வங்கியும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். அதனால் சின்னச் சின்னதாக அனுப்பாமல் இரண்டே தவணையாக, எங்கள் கூட்டைக் கவனிக்கும் சிறிய அறக்கட்டளையின் கணக்கிலிருந்து அங்கே பள்ளிக் கணக்குக்கு. அங்கே ஒருவர் கையெழுத்தில் பணம் எடுக்க முடியாது.

பம்பு பிரித்த அன்று வந்த வீடியோவை மதிய இடைவேளையில் போட்டோம். மெக்கானிக் ராடுகளை ஒவ்வொன்றாகக் கொக்கி கழற்றி மேலே இழுக்கிறார். இரண்டு பெண்கள் பிடித்து மரத்தில் சாய்த்து வைக்கிறார்கள். பிஸ்டன் வெளியே வந்ததும் அவர் பழைய யு-சீலைக் கழற்றி, கேமரா முன் விரலால் வளைத்துக் காட்டினார். உதடு மாதிரி விரிந்திருக்க வேண்டிய விளிம்பு ஒரு பக்கம் முழுக்க மழுங்கி, மணல் கீறிய கோடுகள். நாங்கள் ஒரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டிய ரப்பரைவிட மோசம். புதியதைப் போட்டு மாட்டி, ஒரு சிறுமி கைப்பிடியை அடிக்கத் தொடங்கியதும் எங்கள் பிள்ளைகள் வாய்விட்டு எண்ணினார்கள்.

இனி சொல்லப்போவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கணக்குக்கு இரண்டு பள்ளியும் பார்க்கக்கூடிய ஒரே தாள் வைத்தோம். ஒரு பத்தியில் பவுண்டு, ஒரு பத்தியில் குவாச்சா, மூன்றாவதில் காசில்லாமல் வந்தது. மூன்றாவது பத்தியைக் கேட்டது அவர்கள்தான். மேடைக்கு மணல் அள்ளிக்கொண்டு வந்தது, செங்கல் சுட்டுக் கொடுத்தது, குழி வெட்டியது எல்லாம் ஊரார். அதற்கு உள்ளூர்க் கூலி போட்டு எழுதினார்கள். எங்கள் பக்கமும் எழுத வேண்டியதாயிற்று: கடைக்காரர் சும்மா கொடுத்த சர்க்கரை, பெற்றோர் செய்த கேக், கடைசலில் போன மணிநேரம். எழுதி முடித்துப் பார்த்தால் அவர்களுடைய மூன்றாவது பத்தி எங்களுடையதைவிட நீளம். உதவி செய்கிறோம் என்று பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஜனவரியில் அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. தாய்மார் குழுவின் பொருளாளர் கேட்கச் சொன்னாராம்: கெய்லி இசைக்குழுவுக்கு இவ்வளவு பணமா, அது எத்தனையோ மூட்டை சிமென்ட் ஆகிறதே? குழுவில் சிலருக்குச் சுருக்கென்றது. நாம் திரட்டுகிறோம், நம்மிடமே கணக்குக் கேட்கிறார்களே என்று ஒருவன் முணுமுணுத்தான். நாம் அவர்களிடம் மெக்கானிக்கின் ரசீது கேட்டோமே என்றாள் போஸ்டர் படத்தை எடுக்கச் சொன்ன அதே மாணவி. பதில் எழுதுவதற்கு முன் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். எங்கள் பள்ளியிலேயே ஃபிடில் வாசிக்கும் பிள்ளைகள் எட்டுப் பேர் இருக்கிறார்கள், இசை ஆசிரியருக்கு அக்கார்டியன் வரும். இந்த யோசனை அதுவரை யாருக்கும் ஏன் வரவில்லை என்பது எனக்கும் புரியவில்லை. இனி கெய்லிக்கு அவர்கள்தான் வாசிப்பது என்று முடிவெடுத்து அனுப்பினோம். பொருளாளரிடமிருந்து ஒரே சொல்லில் பதில்: ஜிக்கோமோ, நன்றி.

மழை விட்டதும் மேடை போட்டு, வடிகாலைப் பக்கத்து வாழைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். வேலிக்குக் கம்பி விலை கட்டாததால் அதைப் பாதி விட்டு, மீதிக்கு முள்செடி நட்டார்கள். மிச்சப்பட்ட பணத்தை என்ன செய்வது என்று எங்களைக் கேட்டார்கள், உதிரிபாகப் பெட்டியில் இன்னும் இரண்டு யு-சீல் சேர்க்கலாம் என்று அவர்களே ஒரு யோசனையும் சொன்னார்கள். அப்படியே ஆயிற்று. பெட்டிச் சாவி தண்ணீர்க் குழுவிடம் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூலித்து அடுத்த வாஷருக்கு அவர்களே சேர்த்து வைக்கிறார்கள். அந்த வசூலில் பாதி வீடு பாக்கி என்பதையும் தாளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த பட்டியல் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு அரசுத் தேர்வுக்கு மாலையில் படிக்க சோலார் விளக்கு, ஒரு பூட்டுள்ள அலமாரி, கூரையில் நாலு தகடு மாற்றுவது. விளக்கு என்றதும் குழுவுக்கு உற்சாகம். கூரைத் தகட்டுக்கு எப்படிப் போஸ்டர் வரைவது என்று இப்போதே சண்டை நடக்கிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை, சர்க்கரை சும்மா கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் கடையை விற்றுவிட்டார். ஒரு தட்டுக்கு 1 கிலோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ஊரிலுள்ள மற்ற கடைகளுக்கு இரண்டிரண்டு பேராகக் கேட்கப் போயிருக்கிறார்கள்.